கடலின் நிறத்தை முடிவு செய்தவர்கள்: போயெட்டியின் பூத்தையல் உலக வரைபடங்கள், 1971–1994

எதைப் பற்றிய ஆய்வு

இத்தாலியக் கலைஞர் அலிகியேரோ போயெட்டி, 1971இல் தொடங்கித் தாம் இறந்த 1994 வரை, ஆப்கன் பெண்களைக் கொண்டு உலக வரைபடங்களைத் துணியில் தைக்கச் செய்தார். மொத்தம் ஏறத்தாழ 150 வரைபடங்கள். ஒன்றையும் அவர் கையால் தைக்கவில்லை. ஆனாலும் யோசனையையே கலையாகக் கொள்ளும் கருத்தாக்கக் கலையில் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கும் படைப்புகளில் இவை இன்று முன்வரிசையில் இருக்கின்றன. இது எப்படி நடந்தது, இதில் எதை யார் முடிவு செய்தார்கள், யாருக்கு என்ன கிடைத்தது என்று வரிசையாகப் பார்ப்பதே நோக்கம். கைவினைஞர்களோடு சேர்ந்து கலைப்படைப்பு செய்ய நினைக்கிறவர்களுக்கும், அப்படிச் செய்ததை வாங்க நினைக்கிறவர்களுக்கும் இது பயன்படலாம்.

கலைஞர் உலகறிந்தவர் என்பதால் பெயர் சொல்லியிருக்கிறேன். தைத்த பெண்கள், இடையில் நின்ற ஆண்கள், வாங்கியவர்கள் எவர் பெயரும் இங்கே வராது. தைத்தவர்கள் விஷயத்தில் மறைப்பதற்கு எதுவும் இல்லை. படைப்புகளிலேயே அவர்கள் பெயர் கிடையாது.

பின்னணி

போயெட்டி 1940இல் டூரின் நகரில் பிறந்தவர். 1960களின் கடைசியில் இத்தாலியில் ‘ஆர்ட்டே போவெரா’ என்றொரு போக்கு கிளம்பியது. கந்தல், மரம், கல், சிமென்ட் என்று மலிவாகக் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே கலை செய்த கூட்டம் அது. அதில் அவரும் ஒருவர். அதே சமயம் அமெரிக்காவில் சோல் லெவிட் என்ற கலைஞர், யோசனைதான் கலையைச் செய்துதரும் இயந்திரம் என்று 1967இல் ஒரு கட்டுரையில் எழுதினார். யோசனை சரியாக அமைந்துவிட்டால், செய்து முடிப்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள்.

வாங்குகிறவருக்கு இதில் ஒரு சங்கடம் இருந்தது. தட்டச்சு செய்த ஒரு தாள், சில கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், ஒரு சான்றிதழ். அன்றைய கருத்தாக்கக் கலைப்படைப்புகள் பலவும் அவ்வளவுதான். காசு கொடுத்தவருக்குச் சுவரில் மாட்டப் பெரிதாக எதுவும் கிடைக்காது. கலை விற்பனைச் சரக்காவதை எதிர்த்தவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்தார்கள். விற்பனை அதனால் நின்றுவிடவில்லை என்பது வேறு கதை.

வரைபட யோசனை ஊசி நூலுக்கு முந்தியது. 1967 ஜூனில் மேற்கு ஆசியாவில் ஆறு நாள் போர் முடிந்ததும், நாளிதழின் முதல் பக்கத்தில் கைப்பற்றப்பட்ட பகுதிகளின் வரைபடம் வந்தது. போயெட்டி எழுத்தையெல்லாம் விட்டுவிட்டு அந்த நிலப்பகுதியின் வெளிக்கோட்டை மட்டும் எடுத்தார். அதைப் போல வெவ்வேறு செய்திகளிலிருந்து எடுத்த 12 கோட்டுருவங்களைச் செப்புத் தகடுகளில் பொறித்தார். 1969இல் அச்சிட்ட ஓர் உலக வரைபடத்தை வாங்கி, ஒவ்வொரு நாட்டின் எல்லைக்குள்ளும் அந்த நாட்டுக் கொடியை வண்ணத்தில் தீட்டினார். பின்னால் வந்த தொடரின் கருத்து முழுதும் அந்த ஒரு தாளிலேயே இருக்கிறது. அது இன்று அதிகம் பேசப்படுவதில்லை. துணிக்கு வந்ததும்தான் எல்லாம் மாறியது.

1971: காபூல்

ஐரோப்பிய இளைஞர்கள் தரை வழியாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. வழியில் இருந்த காபூலுக்குப் போயெட்டி 1971இல் போனார். ஊர் பிடித்துவிட்டது. ஓர் ஆப்கன் கூட்டாளியோடு சேர்ந்து ஷஹ்ர்-இ-நவ் பகுதியில் ‘ஒன் ஹோட்டல்’ என்ற பெயரில் ஒரு சிறு விடுதியையே தொடங்கிவிட்டார். 1970கள் முழுக்கப் போவதும் வருவதுமாக இருந்தார்.

அவர் அங்கே தைக்கக் கொடுத்த முதல் வேலைகளில் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று, 2040 டிசம்பர் 16. அவர் பிறந்து நூறாண்டு நிறையும் நாள். மற்றொன்று, 2023 ஜூலை 11. தாம் இறக்கப்போவதாக அவர் கணித்துக்கொண்ட நாள். (அந்தக் கணக்கு தப்பியது. 1994 ஏப்ரலில், 53 வயதில் ரோமில் இறந்தார்.) உள்ளூர்த் தையலின் அழகையும் துல்லியத்தையும் அங்கே பார்த்தபின், அதே ஆண்டில் முதல் உலக வரைபடத்தைக் கொடுத்தார்.

அவர் எடுத்த முடிவுகள் சில. நாடுகளின் கோட்டுருவம் இத்தாலியில் துணி மேல் வரையப்படும். எந்த இடத்தில் எந்தக் கொடி, எந்த நிறம் என்று குறித்துத் தரப்படும். கொடிகள் அன்றைய தேதியில் எப்படி இருக்கின்றனவோ அப்படியே. ஊசியைத் தொடுவது முழுக்க ஆப்கன் பெண்கள். காரணத்தையும் அவரே 1974இல் சொன்னார். உலகம் இப்படி இருப்பதற்கும் கொடிகள் இப்படி இருப்பதற்கும் தாம் பொறுப்பில்லை, அடிப்படை யோசனை வந்தபின் தேர்வு செய்ய எதுவும் மிச்சமில்லை, தாம் எதுவுமே செய்யவில்லை என்பது அவர் வாதம். தம் படைப்புகளில் உச்சமான அழகு இதில்தான் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார்.

முதல் பாதியை ஒப்புக்கொள்ளலாம். தேர்வு செய்ய எதுவும் மிச்சமில்லை என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நிறைய மிச்சம் இருந்தது. அதைத் தேர்ந்தவர்கள் காபூலில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

வேலை நடந்த விதம்

வெளி ஆண் வீட்டுக்குள் போய்ப் பெண்களைப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. அதனால் தைத்தவர்களை அவர் நேரில் சந்திக்கவே இல்லை. வரைந்த துணியும் நூலும் குறிப்புகளும் ஆண்கள் வழியாக உள்ளே போகும். ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து, பெரிய துணியானால் இன்னும் கூடுதல் காலம் கழித்து, தைத்து முடித்த துணி வெளியே வரும். நடுவில் எட்டிப் பார்த்து ‘இதைப் பிரித்து இப்படித் தையுங்கள்’ என்று சொல்ல வழியில்லை. பட்டறை வைத்து நடத்தும் எந்தக் கலைஞரும் இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிக்கமாட்டார். இந்தத் தொடருக்கு உயிர் கொடுத்தது இந்த ஏற்பாடுதான் என்பது என் கருத்து.

துணியில் கண்டவை

தூரத்தில் நின்றால் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் வரைபடம் போலத்தான் தெரியும். பக்கத்தில் போனால் வேறு. அடித்துணி எங்கும் கண்ணில் படாதபடி நூல் நெருக்கி நிரப்பப்பட்டிருக்கிறது. கடல் ஒரே நீலமாக இல்லை. ஒரு கட்டு நூல் தீர்ந்து வேறு சாயத்தில் தோய்த்த அடுத்த கட்டு தொடங்கிய இடத்தில் நீலம் லேசாக மாறி, பட்டை பட்டையாகத் தெரியும். தையலின் திசை திரும்பும் இடத்தில் வெளிச்சம் வேறு விதமாக விழும். ஒரே துணியில் பல கைகள் வேலை செய்ததும், ஒவ்வொரு கையின் இறுக்கம் வேறு என்பதும் அங்கே தெரிந்துவிடும். ரோமில் வரைந்த கோட்டில் இவை எதுவும் கிடையாது.

அப்புறம் கொடிகள். 1970களின் தொடக்கத்தில் தைத்தவற்றில் அங்கோலா, மொசாம்பிக் மேல் போர்ச்சுகல் கொடி விரிந்து கிடக்கிறது. 1975இல் இரண்டும் விடுதலை பெற்றபின் அது போய்விடுகிறது. நமீபியா 1990 மார்ச் மாதம்தான் விடுதலை அடைந்தது. அதுவரை அதற்குக் கொடியே இல்லாமல் வெறுமையாக விட்ட வரைபடங்கள் உண்டு. அதை ஆண்ட தென்னாப்பிரிக்காவின் கொடியை அதன் மேல் போடவில்லை. சோவியத் ஒன்றியம் 1991 வரை ஆசியாவின் தலை மேல் சிவப்பாக நீண்டு கிடக்கிறது. தைத்தவர்களின் சொந்த நாட்டுக் கொடியே 1974, 1978, 1980 என்று மாறிக்கொண்டிருந்தது. வரைந்து அனுப்பியதற்கும் முடிந்து வந்ததற்கும் இடையில் ஓரிரண்டு ஆண்டு ஓடிவிடுவதால், துணி கைக்கு வரும்போது அதில் உள்ள உலகம் சில சமயம் பழையதாகியிருக்கும்.

நான்கு ஓரங்களிலும் எழுத்து ஓடுகிறது. ஊர், ஆண்டு, சிறு சொற்றொடர்கள் இத்தாலிய மொழியில் ஒருபுறம், ஆப்கானிஸ்தானில் பேசும் பாரசீகமான தாரியில் இன்னொரு புறம். தாரி வரிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆப்கன் தரப்பில்தான் இருந்தார்கள். ஐரோப்பாவில் இவற்றை வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த எழுத்து வெறும் பூவேலை.

இளஞ்சிவப்புக் கடல்

1979 வாக்கில் வந்த ஒரு வரைபடத்தில் கடல் இளஞ்சிவப்பாக இருந்தது. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது. அந்த நிற நூல் கையில் நிறைய இருந்தது. ஆப்கானிஸ்தானுக்குக் கடலே கிடையாது. நாடுகளைச் சுற்றியிருந்த வெற்றிடம் கடல் என்றோ அது நீலமாக இருக்க வேண்டும் என்றோ தைத்தவர்களுக்குத் தோன்றவில்லை. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்தப் பெண்களின் அறியாமை என்ற தொனியில் முடித்துவிடுவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கொடிகளுக்கு நிறம் குறித்துக் கொடுத்தவர் கடலுக்குக் குறிக்கவில்லை என்றால், இருக்கும் நூலில் எது எடுபடும் என்று பார்ப்பதுதான் தையல் தெரிந்தவர் செய்யும் வேலை. அதை அவர்கள் செய்தார்கள். பல நிறக் கொடிகளுக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பு நன்றாகவே எடுபடுகிறது.

போயெட்டிக்கு இங்கே இரண்டு வழி இருந்தது. துணியைத் தள்ளிவிட்டு, இனி எல்லாவற்றுக்கும் நிறம் எழுதி அனுப்புவது ஒன்று. ஏற்றுக்கொள்வது இன்னொன்று. அவர் ஏற்றுக்கொண்டார். அதோடு நிற்காமல், இனிக் கடலின் நிறத்தைத் தைப்பவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஒழுங்கும் ஒழுங்கின்மையும் ஒன்றையொன்று பிறப்பிக்கும் என்பது அவருக்கு வெகுநாள் ஈடுபாடு. ‘ஒழுங்கும் ஒழுங்கின்மையும்’ என்பதன் இத்தாலிய எழுத்துகள் 16 என்பதால், அவற்றை நாலுக்கு நாலு கட்டத்தில் அடுக்கிச் சிறு சதுரத் துணிகளாகவும் தைக்க வைத்திருக்கிறார். ஆகவே கடலின் நிறம் மாறி வந்தபோது அது அவருடைய கருத்துக்கு உள்ளேயே பொருந்திவிட்டது. அதற்குப் பின் மஞ்சள், பச்சை, சாம்பல், கறுப்பு என்று கடல்கள் வந்தன.

இந்த முழு நிகழ்விலும் மிக முக்கியமான முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். அதைத் தொடங்கி வைத்தவர் யார் என்பது எங்கும் பதிவாகவில்லை.

1979 டிசம்பருக்குப் பின்: பெஷாவர்

சோவியத் படை நுழைந்ததும் காபூல் வேலை நின்றது. போயெட்டி மறுபடி அங்கே போக முடியவில்லை. லட்சக்கணக்கான ஆப்கானியர் எல்லை தாண்டிப் பாகிஸ்தானுக்குப் போனார்கள். பெஷாவரைச் சுற்றி அகதி முகாம்கள் எழுந்தன. 1980களில் ஆப்கன் இடையாட்கள் வழியாகத் தொடர்பு மறுபடி கிடைத்து, வேலை பெஷாவரில் தொடர்ந்தது. முன்னைவிடப் பெரிய துணிகளும் இங்கே வந்தன. வரைபடங்களோடு, நூற்றுக்கணக்கான சிறு உருவங்களை இடைவெளியே விடாமல் நெருக்கி அடுக்கிய ‘துட்டோ’ தொடரும் இங்கே தைக்கப்பட்டது. ‘துட்டோ’ என்றால் இத்தாலிய மொழியில் ‘எல்லாம்’.

ஓரத்து எழுத்தின் குரலும் மாறியது. ஒரு சூஃபிக் கவிஞரின் வரிகள் வந்தன. நாட்டை இழந்த துயரம் வந்தது. பெஷாவரில் ஆப்கன் மக்கள் தைத்தது என்று பொருள்படும் வாசகமும் பல துணிகளில் இருக்கிறது. மக்கள் என்ற அளவுக்கு அங்கீகாரம் வந்தது. ஆள் என்ற அளவுக்கு வரவில்லை.

1990இல் அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் புகைப்படக் கலைஞர் பெஷாவருக்குப் போனார். பெண் என்பதால் அவரால் வீட்டுக்குள் போக முடிந்தது. தரையில் விரித்த துணியைச் சுற்றிப் பெண்களும் சிறுமிகளும் உட்கார்ந்து தைப்பதை அவர் படமெடுத்தார். இருபது ஆண்டு நடந்த வேலையின் மறுபாதியைப் பற்றி இன்று கண்ணால் பார்க்கக் கிடைக்கும் முக்கியமான சான்று அதுதான். படங்கள் நூலாக வந்தது 2011இல்.

சேகரிப்பாளர்கள் எதைப் பார்த்தார்கள்

முதல் ஈர்ப்பு நான் மேலே சொன்ன சங்கடத்தின் தீர்வு. கருத்து சுத்தமாக இருக்கிறது, ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் சுவரில் தொங்குவது ஒரு தாள் இல்லை; மாதக்கணக்கில் உழைத்த, கண்ணை இழுக்கும் துணி. அறிவுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று இரண்டும் ஒரே பொருளில் அமைவது கருத்தாக்கக் கலையில் அரிது.

இரண்டாவது, தொடரில் எந்த இரண்டும் ஒன்றுபோல இல்லை. அச்சுப்படம் போலப் ‘பத்தில் மூன்றாவது பிரதி’ என்று எண் போட முடியாது. கொடிகளை வைத்து ஆண்டைச் சொல்லலாம். கடலின் நிறத்தை வைத்து அரிதா இல்லையா என்று சொல்லலாம். சேகரிக்கிறவர்களுக்கு இப்படி அடையாளம் கண்டு வகைப்படுத்துவதில் தனி ருசி. ஏலக் குறிப்பேடுகளும் கொடி மாற்றங்களையும் நீலமல்லாத கடலையும் தவறாமல் எடுத்துச் சொல்கின்றன.

மூன்றாவது, வரலாறு. 1989 முதல் 1991 வரை தைத்த துணி என்றால் அதில் பெர்லின் சுவரும் சோவியத் ஒன்றியமும் விழுந்த காலம் உட்கார்ந்திருக்கிறது. வரலாறு எழுத வேண்டும் என்று யாரும் அதைத் தைக்கவில்லை என்பதே அதன் நம்பகத்தைக் கூட்டுகிறது.

நடைமுறையும் உண்டு. துணியைச் சுருட்டி அனுப்பலாம். ஆனால் நூல் வெளிச்சத்தில் வெளிறும். அருங்காட்சியகங்கள் துணிப் படைப்புகளுக்கு வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான அளவோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். வீட்டு வரவேற்பறையில் ஜன்னலுக்கு எதிரே மாட்டிய வரைபடத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

விளைவு

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1989ஆம் ஆண்டு வரைபடம் ஒன்று இருக்கிறது. 2011–12இல் மாட்ரிட்டின் ரெய்னா சோபியா, லண்டனின் டேட் மாடர்ன், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் மூன்றும் சேர்ந்து அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தின. அதே 2012இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சியில் முதல் வரைபடம் வைக்கப்பட்டது. 1972 டாக்குமென்டாவுக்குப் போக வேண்டியிருந்து போகாமல் போன துணி அது. பழைய ஒன் ஹோட்டல் கட்டடத்தை மெக்சிகோ கலைஞர் ஒருவர் தேடிக் கண்டுபிடித்துச் சீர்செய்ததும் அந்தக் கண்காட்சியின் பகுதியாகத்தான்.

2022 நவம்பரில் நியூயார்க் சாதபீஸ் ஏலத்தில், 1989–91 தேதியிட்ட வரைபடம் ஒன்று ஏறத்தாழ 88 லட்சம் டாலருக்குப் போனது. போயெட்டியின் படைப்புகளுக்கு அதுவரை கிடைத்த விலைகளில் அதுவே உச்சம். அசலா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ரோமில் அவர் பெயரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதன் சான்றும் பதிவு எண்ணும் இல்லாத துணியைப் பெரிய ஏல நிறுவனங்கள் தொடத் தயங்கும்.

அந்தப் பணத்தில் தைத்தவர்களுக்குச் சட்டப்படி பங்கு எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு மறுவிற்பனை உரிமை ஆணைப்படி, படைப்பு மறுபடி விற்கும்போது அதை ஆக்கியவருக்கு, அவர் இறந்து 70 ஆண்டுவரை வாரிசுகளுக்கு, ஒரு சிறு விழுக்காடு போகும். அதிகபட்சம் 12,500 யூரோ. ஆக்கியவர் என்பது பெயர் உள்ளவர். அமெரிக்காவில் கூட்டாட்சி அளவில் இந்த உரிமையே கிடையாது, ஆகவே 2022 விற்பனையில் வாரிசுகளுக்கும் அந்த வழியில் எதுவும் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட மறுவிற்பனையில் பங்கு பேசுகிறது. ஆனால் அது ஓவியம், சிற்பம், கோட்டோவியம், கையெழுத்துப் பிரதி என்று பட்டியல் போடுகிறது. பூத்தையல் என்ற சொல் அதில் இல்லை.

வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா

முடியும். அதே காலத்துச் சான்று இருக்கிறது. அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோ 1979இல் முதலில் காட்சிக்கு வைத்த ‘விருந்து மேசை’ படைப்பில், பூத்தையலும் பீங்கானும் செய்தவர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் பலகைகளில் எழுதிக் கூடவே வைக்கப்பட்டன. 1980–85இல் அவர் நடத்திய பிரசவம் பற்றிய தொடரில் 150க்கு மேற்பட்ட பெண்கள் தைத்தார்கள். ஒவ்வொரு துணியின் விவரச் சீட்டிலும் தைத்தவர் பெயர் தனியாக வருகிறது. அங்கேயும் யார் கலைஞர், யார் உதவியாளர் என்ற சச்சரவு எழாமல் இல்லை. ஆனால் சச்சரவு செய்யவாவது பெயர் இருந்தது.

இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தன்னார்வலர்களுக்குப் பெயர் வெளியே வருவது பெருமை. பெஷாவர் அகதி முகாமில் ஒரு பெண்ணின் பெயர் வெளிநாட்டுக்காரரின் துணியில் எழுதப்படுவது அவருக்கே தொல்லையாக முடிந்திருக்கலாம். எனவே ‘பெயரை எழுதியிருக்க வேண்டும்’ என்று மட்டும் சொல்லி நகர்வது சுலபமான நியாயம். செய்திருக்கக்கூடியது பதிவேடு. எந்தத் துணி, எந்த வீடு, எந்த மாதம் போனது, எப்போது வந்தது, எவ்வளவு கூலி, நிறத்தை யார் தேர்ந்தார்கள். இதை வெளியிடாமல் பூட்டி வைத்திருக்கலாம். இருபது முப்பது ஆண்டு கழித்து, அந்தப் பெண்களோ அவர்கள் பிள்ளைகளோ விரும்பினால் திறந்திருக்கலாம். துணியும் நூலும் பணமும் கொண்டுபோன இடையாட்களிடம் இந்த விவரம் இருந்தே தீரும். கேட்டு எழுதி வாங்கத்தான் ஆளில்லை.

இன்று இது போன்ற வேலையைத் தொடங்குகிறவருக்கு இன்னும் இரண்டு. கூலியோடு விற்பனைப் பங்கையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதுவது நல்லது. சட்டம் கைவினைஞரைக் கண்டுகொள்ளும்வரை ஒப்பந்தம் ஒன்றுதான் பிடிமானம். தைப்பவரிடம் விடப்படும் முடிவுகள் எவை என்பதும் அதிலேயே இருக்கட்டும். ‘கடலின் நிறம் தைப்பவர் விருப்பம்’ என்று 1979க்குப் பின் போயெட்டி வாய்மொழியாக விட்டதை எழுத்தில் வைத்திருந்தால், அந்த நிறம் யாருடைய தேர்வு என்பது சான்றிதழிலும் ஏறியிருக்கும்.

வாங்குகிறவர் பக்கத்தில் மாற்றம் தொடங்கிவிட்ட அறிகுறிகள் தெரிகின்றன. அருங்காட்சியக விவரச் சீட்டுகளிலும் ஏலக் குறிப்புகளிலும் ஆப்கன் பெண்களைப் பற்றி இப்போது ஒரு பத்தியாவது வருகிறது. ‘கலைஞர்’ என்ற இடத்தில் இன்னும் ஒரே பெயர்தான்.